திருவருகைக் காலமும் இளம் குடும்பங்களும்

டிசம்பர் மாதம் பிறந்தவுடன் நம் இல்லங்களின் வாசலில் நட்சத்திரம் ஏறிவிடுகிறது. கூடவே ஒரு பரபரப்பும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பள்ளியில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை. இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மூத்த பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு 23-ஆம் தேதி வாக்கில்தான் முடிகிறது. வடகிழக்குப் பருவமழையில் துவைத்த துணி காய்வதில்லை. கைக்குழந்தைக்குச் சளி விடுவதில்லை. தைக்கக் கொடுத்த சட்டை இன்னும் வந்தபாடில்லை. அச்சு முறுக்கு சுட வேண்டும், அண்டை வீட்டாருக்குக் கேக் கொடுக்க வேண்டும், மறைக்கல்வி வகுப்பின் கலைநிகழ்ச்சிக்குப் பிள்ளைக்கு இடையர் வேடம் தேட வேண்டும். சென்னையில் வேலை பார்ப்பவர்கள் நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ போய்ச் சேர வேண்டும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்னர்தான் தொடங்குகிறது. அக்டோபர் கடைசி வாரத்தில் அந்தச் சில நிமிடங்களைத் தவறவிட்டவர்கள் ஆம்னி பேருந்துக் கட்டணத்தைக் கண்டு மலைத்து நிற்கிறார்கள்.

இத்தனை வேலையும் யார் தலையில் விழுகிறது? பெரும்பாலான வீடுகளில் தாயின் தலையில்தான். 24-ஆம் தேதி இரவு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆலயத்தின் கடைசி வரிசையில் நின்றபடியே கண் அசரும் இளம் தாய்மார்களை நம் பங்குகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். அன்று மாலை அந்த வீட்டில் கணவன் மனைவிக்குள் சொல் தடித்திருக்கலாம். பலருக்கும் தெரிந்ததுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. இதைப் பக்திக் குறைவு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. விழாவுக்கு உரிய அத்தனையையும் 25-ஆம் தேதிக்கு முன்பே முடித்தாக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்தோ நமக்குள் புகுந்துவிட்டது. திருச்சபையின் நாட்காட்டி அப்படிச் சொல்லவில்லை.

நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் எல்லா ஆண்டும் ஒரே நீளமுடையதன்று. கிறிஸ்து பிறப்பு விழா ஞாயிறன்று வந்தால் 28 நாட்கள் கிடைக்கும். 2022-இல் அப்படி வந்தது. திங்களன்று வந்தால் 22 நாட்களே. 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-ஆக இருந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். இக்காலத்தின் முதல் பகுதி டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையை நினைக்கச் செய்கிறது. 17 முதல் 24 வரையிலான நாட்களே பெத்லகேமை நோக்கி நேராக நம்மை அழைத்துச் செல்கின்றன. அப்படியானால், வீட்டில் குடிலையும் பாடலையும் பற்றிய முனைப்பு 17-ஆம் தேதி வாக்கில் தொடங்கினாலே போதும். பிள்ளையின் தேர்வும் அதற்குள் பாதி முடிந்திருக்கும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது திருவருகைக் கால வளையம். பச்சை இலைகளாலான வட்டத்தில் நான்கு மெழுகுவர்த்திகள். வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றுகிறோம். மூன்றாம் ஞாயிறாகிய மகிழ்ச்சி ஞாயிறுக்கு ரோஸ் நிற மெழுகுவர்த்தி. இந்த வழக்கத்தின் தொடக்கம் சுவையானது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்பவர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, மற்ற நாட்களுக்குச் சிறிய சிவப்பு. அவர் லூத்தரன் சபைப் போதகர். கத்தோலிக்க இல்லங்களுக்கு இது வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். பொறுமையற்ற பிள்ளைகளுக்காகப் பிறந்த பழக்கம் என்பதால் இளம் குடும்பங்களுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மின்சாரம் போன ஒரு மழை இரவில் அதே மெழுகுவர்த்தியைச் சுற்றி அமர்ந்து ஒரு பத்து மணி செபமாலை சொன்னாலும் போதுமானது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீட்டினால் மூன்று வயதுப் பிள்ளை வளையத்தின் இலைகளைப் பிய்க்கத் தொடங்கிவிடும்.

குடிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் உருவச் சிலைகள் எவையும் இல்லை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அங்கே திருப்பலி நிறைவேற்றப்பட்டது, அவ்வளவே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே ஊருக்குச் சென்று குடிலைப் பற்றிய திருத்தூது மடலில் கையெழுத்திட்டு, வீடுகளில் குடில் அமைக்கும் வழக்கத்தை ஊக்குவித்தார். நம் தெருக்களில் இன்று குடில் போட்டிகள் நடக்கின்றன. செயற்கை அருவியும் ஓடும் ரயிலும் வந்துவிட்டன. அதில் குற்றமில்லை. ஆயினும் பணமும் நேரமும் இல்லாத வீட்டில் ஓர் அட்டைப் பெட்டியும் வைக்கோலும் கொண்டு பிள்ளைகள் கட்டும் குடில்தான் கிரேச்சோவுக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. தொட்டியை மட்டும் வெறுமையாக விட்டு, 24 இரவு பாலன் இயேசுவை வைக்கும் வேலையைக் கடைக்குட்டிக்குக் கொடுப்பது பல வீடுகளில் உள்ள நல்ல பழக்கம்.

இனி நள்ளிரவுத் திருப்பலி. கைக்குழந்தையோடு அதற்கு வர இயலாத பெற்றோர் ஏதோ பாவம் செய்துவிட்டதுபோல் வருந்துவதுண்டு. கிறிஸ்து பிறப்புக்கென்றே நான்கு திருப்பலிகள் உள்ளன: முந்தின நாள் மாலைத் திருவிழிப்பு, இரவு, விடியற்காலை, பகல். இவற்றில் எதில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறுகிறது. திருச்சபைச் சட்டம் 1248 அதே நாளையும் முந்தின மாலையையும் குறிப்பிடுகிறது. இரவில் வானதூதர் செய்தியை லூக்கா நற்செய்தியிலிருந்து கேட்கிறோம். விடியலில் இடையர்கள் தொட்டிக்கு விரைந்து வருகிறார்கள். பகலில் வாக்கு மனிதரானதை யோவான் அறிவிக்கிறார். எதுவும் எதற்கும் குறைந்ததன்று. இரவுத் திருப்பலி பன்னிரண்டு மணிக்கே தொடங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் உரோமையில் அதை இரவு 10 மணிக்கே நிறைவேற்றினார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தாய் ஒருத்தி வீட்டிலேயே தங்க நேர்ந்தால், நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும் தக்க காரணங்களாகக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2181-ஆம் எண்ணில் பெயர் சொல்லியே ஏற்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் கணவர் இரவுத் திருப்பலிக்கும் மனைவி காலைத் திருப்பலிக்குமாக முறை வைத்துச் செல்லலாம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கும் இதே முறை உதவும்: ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேரல் பவனி வரும் நம் இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். இரவு பதினொரு மணிக்குப் பறையும் டிரம்முமாகப் படியேறினால், அப்போதுதான் கண் அயர்ந்த குழந்தை மறுபடியும் எழுந்துவிடும். கைக்குழந்தை உள்ள வீடுகளை அன்பியப் பொறுப்பாளர் முன்கூட்டியே குறித்துக் கொடுத்தால், பவனியை அந்த வீடுகளிலிருந்து தொடங்கலாமே.

செலவைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம், ஆனால் பேசத்தான் வேண்டும். ஆண்டு முழுவதும் கிறிஸ்துமஸ் சீட்டு கட்டியவர்கள் ஓரளவு தப்பிக்கிறார்கள். மற்றவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள். ஜனவரியில் பள்ளிக் கட்டணம் வரும்போது தவிக்கிறார்கள். ஆலயத்தில் குழந்தையை ஒப்புக்கொடுக்கச் சென்றபோது யோசேப்பும் மரியாவும் கொண்டுபோனது ஆட்டுக்குட்டி அன்று, ஏழைகளுக்கென்று மோசேயின் சட்டம் அனுமதித்த இரண்டு பறவைகளே. அவர்களும் இளம் குடும்பம்தான். கையில் இல்லாததற்காக அவர்கள் கடன் கேட்டு நிற்கவில்லை. கணவனும் மனைவியும் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒரு தொகையைப் பேசி முடிவு செய்துகொண்டால், புதுத்துணி பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்பதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிராது.

நம் கடற்கரைப் பங்குகளில் டிசம்பருக்கு வேறொரு கனமும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆண்டு திருக்குடும்ப விழா நாள். அன்று காலை ஆழிப்பேரலை வந்தது. நாகை, வேளாங்கண்ணி, குளச்சல் பகுதிகளில் அன்று குழந்தைகளாக இருந்து உயிர் பிழைத்தவர்கள் இன்று தாங்களே பெற்றோர். தென் மாவட்டங்களில் 2023-இல் பெய்த பெருமழையும் திருவருகைக் கால மூன்றாம் ஞாயிறையும் மறுநாளையும் ஒட்டியே வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த குடும்பங்கள் சேற்றைக் கழுவியபடியே விழாவை எதிர்கொண்டன. இத்தகைய வீடுகளில் நட்சத்திரம் இல்லையே, பலகாரம் வரவில்லையே என்று கேட்பதற்கு முன் நாம் சற்று நின்று யோசிப்பது நல்லது.

25-க்குப் பிறகு என்ன இருக்கிறது என்று பார்த்தால், எல்லாமே இருக்கிறது. எட்டு நாட்கள் ஒரே விழாவாகக் கொண்டாடப்பட்டு, ஜனவரி 1 அன்று கடவுளின் தாய் மரியாவின் பெருவிழாவில் நிறைவுறுகின்றன. இடையில் 26-இல் புனித ஸ்தேவான், 28-இல் மாசில்லாக் குழந்தைகள், இடைப்படும் ஞாயிறன்று திருக்குடும்பம். பின்னர் மூவரசர் திருவிழா. ஜனவரி இரண்டாம் வாரத்தில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் கிறிஸ்து பிறப்புக் காலம் முடிகிறது. ஆக, உறவினர் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவதை 27-க்குத் தள்ளலாம். முதியோர் இல்லத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதை அரையாண்டு விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். 25 அன்று அங்கே வருவோர் பலர், ஜனவரி 3 அன்று வருவோர் மிகச் சிலர். 23-ஆம் தேதி ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் 26 அல்லது 27 இரவு கிளம்பினாலும் விழாக் காலத்துக்குள்ளேயே ஊர் போய்ச் சேர்கிறார்கள். தாத்தா பாட்டி வீட்டுக் குடில் அப்போதும் கலையாமல் இருக்கும். முறுக்கு டப்பாவில் மிச்சமும் இருக்கும்.