அகல்கோண வில்லையின் கதை



சென்ற தவணையில் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சிலர் கமரா ஒன்றை அன்பளிப்பாகத் தந்தனர். உள்ளே ஆடி பொருத்தப்படாத புதுவகைக் கமரா அது. வில்லையை மட்டும் நீங்களே தெரிந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று பணமும் அளித்தனர். மங்கிய வெளிச்சமுள்ள எங்கள் மண்டபத்திலே நாடகத்தையும் பரிசளிப்பையும் படம்பிடித்தல் வேண்டும். பின்வாங்கி நிற்க இடமில்லாத வகுப்பறையிலே நாற்பது பிள்ளைகளையும் ஒரே படத்தில் அடக்குதலும் வேண்டும். ஆகவே, அகன்ற பார்வை, மிகுந்த ஒளியைப் புகவிடும் வாய், நின்ற இடத்தில் நின்றே காட்சியை விரிக்கவும் ஒடுக்கவும் வல்ல சூம் அமைப்பு ஆகிய மூன்றும் ஒரே வில்லையிலே வேண்டப்பட்டன. விலைப்பட்டியலைக் கண்டதும் கலைப் பட்டதாரியாகிய எனக்குத் தலை சுற்றியது. வரலாறு படித்தவன் வேறென்ன செய்வான்? இம்மூன்றும் எவ்வாறு ஒன்று சேர்ந்தன என்று தேடலானேன்.

தேடியதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1980களின் பிற்பகுதியில், நான் உயர்தர வகுப்பில் இருந்தபோது, மழை காரணமாக எங்கள் வகுப்புப் படம் மண்டபத்தின் உள்ளேயே எடுக்கப்பட்டது. இடம் போதாமையால் படப்பிடிப்பாளர் அகல்கோண வில்லை ஒன்றைப் பொருத்தினார். வரிசையின் கடைசியில் நின்ற என் நண்பரின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு, இருண்டு, தெளிவற்று விழுந்தது. அன்று நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். அந்நண்பர் பின்னர் போரிலே மறைந்தார். அவர் வீட்டாரிடம் இருந்த படங்கள் இடப்பெயர்வின்போது தொலைந்தன. எஞ்சியது அந்தப் படம் ஒன்றே. அவர் முகம் ஏன் அவ்வாறு விழுந்தது என்பதை நான் இந்த வயதிலேதான் அறிந்துகொண்டேன்.

1839ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் டாகுவேரின் ஒளிப்பட முறை வெளியிடப்பட்டபோது, ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. உயிருள்ள மனிதர் அத்துணை நேரம் அசையாதிருத்தல் எங்ஙனம்? அடுத்த ஆண்டே வியன்னாவின் கணிதப் பேராசிரியர் யோசெப் பெட்ஸ்வால் கணக்கிட்டு அமைத்த வில்லை, முன்னையதைவிடப் பன்மடங்கு ஒளியை உள்ளே விட்டது. அதன் அளவு எஃப் 3.6 என்பர். இவ்வெண் சிறுக்கச் சிறுக்க வில்லையின் வாய் பெருத்தது என்று கொள்க. ஆயினும், அதன் படத்தில் நடுவிலுள்ள முகமே தெளிவாயிருந்தது. ஓரங்கள் கரைந்து போயின. ஒளியைப் பெற்றவர் ஓரத்தை இழந்தனர்.

1900ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே கோயர்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஹைப்பர்கொன் இதற்கு நேர்மாறானது. அரைக்கோளம் போல் வளைந்த இரு மெல்லிய கண்ணாடிகளே அதன் உறுப்புகள். ஏறத்தாழ 140 பாகை அகலம் அதன் பார்வை. வாயோ எஃப் 22 என்னும் ஊசித்துளை. நடுப்பகுதி மிக ஒளிர்ந்து ஓரம் இருண்டமையால், வில்லையின் முன்னே நட்சத்திர வடிவான சிறு சக்கரம் ஒன்றை வைத்தனர். இறப்பர்க் குமிழை அமுக்கினால் காற்றுப்பட்டு அது சுழலும். சுழன்று நடுவிலே விழும் ஒளியைக் குறைக்கும். ஒளி பெருக்க வழியறியாது ஒளி குறைத்துச் சமன் செய்தனர்! இவ்வரலாற்றிலே எனக்கு மிகவும் பிடித்த பொருள் இக்காற்றாடிதான்.

ஓரம் இருள்வது தொழிலாளரின் பிழையன்று. எளிய வில்லை ஒன்றிலே ஒளி 45 பாகை சாய்ந்து விழுமாயின், நடுவில் விழும் ஒளியிற் காற்பங்கே அங்கு சேரும். முகம் இழுபடுவதும் இயற்கையே. அகன்ற காட்சியைத் தட்டையான தளத்திலே, நேர்கோடு நேர்கோடாகவே நிற்கும்படி வீழ்த்தினால், ஓரத்திலுள்ளவை விரிந்தே தீரும். என் நண்பருக்கு நேர்ந்தது இவ்விரண்டுமே.

1954இல் லூட்விக் பெர்ட்டெலே அமைத்த 21 மில்லிமீற்றர் பயொகொன் சிறந்த அகல்கோண வில்லை. ஆனால், அதன் பின்முனை படச்சுருளை அணுகி நிற்பது. அதே பத்தாண்டிலே ஆடி பொருத்திய கமராக்கள் பரவின. வில்லை காணும் காட்சியையே கண்ணுக்குக் காட்டும் அவ்வாடி, படமெடுக்கும் நொடியில் மேலெழ வேண்டும். அதற்கு இடம் விட்டமையால், 1959இல் வந்த நிக்கோன் எஃப் கமராவிலே வில்லைப் பொருத்துவாயிலிருந்து படச்சுருள் 46.5 மில்லிமீற்றர் தள்ளி நின்றது. அதற்கென முதலில் வந்த 21 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்த, ஆடியை மேலே பூட்டிவிட வேண்டியிருந்தது. தனக்கென வந்த வில்லைக்குத் தன் ஆடியே தடையாயிற்று.

இதற்குப் பரிகாரம் 1950இலேயே பிரான்சில் பிறந்திருந்தது. ஆஞ்ஜெனியூ நிறுவனத்தார் முன்புறத்தே பெரிய குழிவில்லை ஒன்றை வைத்துக் காட்சியைப் பின்னே தள்ளி வீழ்த்தினர். அதற்குக் கொடுத்த விலை பருமனும் பாரமும். 1959இலே பிராங்க் பாக் வகுத்த, 36 முதல் 82 மில்லிமீற்றர் வரையிலான சூமர் வில்லை எஃப் 2.8 வாயுடன் வந்தது. அதில் அகலம் இல்லை. மூன்றும் கூடுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1989இல் கனோன் நிறுவனத்தாரின் 20–35 மில்லிமீற்றர் எஃப் 2.8 வந்தது. 2007இல் நிக்கோன் 14–24 வந்தது; அதன் எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம்.

2008இலே பனசோனிக் நிறுவனத்தார் வெளியிட்ட கமராவில் ஆடி இல்லை. 2018இல் நிக்கோன் நிறுவனத்தாரும் ஆடியை நீக்கியபோது, முன்சொன்ன 46.5 மில்லிமீற்றர் இடைவெளி 16 ஆகச் சுருங்கியது. 2020இல் வந்த புதிய 14–24 வில்லையின் எடை 650 கிராம். எனினும், பயொகொன் காலத்துக்கு எவரும் திரும்பிவிடவில்லை; மிகச் சாய்ந்து வரும் ஒளியை இன்றைய மின்னணு உணரிகள் செவ்வனே ஏற்பதில்லை. ஓர வளைவைக் கமராவினுள்ளேயே கணக்கிட்டு நிமிர்த்தும் வழக்கமும் இப்போது பரவியுள்ளது. பெட்ஸ்வால் தாளிலே செய்த கணக்கை இன்று கமராவே செய்கிறது. இதனைக் குறையென்பாருமுளர், நான் சொல்லேன்.

இனி எங்கள் வில்லைக்கு வருவோம். எங்கள் கணித ஆசிரியர் 12–24 வேண்டுமென்று வாதித்தார். 12 மில்லிமீற்றரில் பார்வை 122 பாகை. அங்கே ஓரத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தை எத்தனை பணமும் காக்காது. மறுத்துவிட்டேன். விலை குறைந்த எஃப் 4 போதுமே என்றார் பொருளாளர். எஃப் 2.8 அதனைவிட இருமடங்கு ஒளி தருவது. முப்பதில் ஒரு நொடி திறக்க வேண்டிய இடத்திலே அறுபதில் ஒரு நொடி போதும். மேடையிலே கையசைக்கும் பிள்ளையின் விரல்கள் கலங்காதிருக்க அது வேண்டும். அதிலும் நான் இணங்கவில்லை. முடிவில் 16–28 மில்லிமீற்றர், எஃப் 2.8, எடை 450 கிராம் கொண்ட வில்லையையே வாங்கினோம். 16–35 வில்லைகளிலும் அது விலை குறைந்தது.

முதற் படத்தை 28 மில்லிமீற்றரில் எடுத்தோம். இரு புறமும் இடம் விட்டமையால், இழுபட்டவை கதவு நிலைகள் மட்டுமே. அன்று மாணவன் ஒருவன் எங்கள் பழைய வகுப்புப் படத்தையும் கணினியிலிட்டு ஓரத்தை ஒடுக்கிப் பார்த்தான். நண்பரின் முகம் தன் அளவுக்கு வந்தது. இருளை நீக்கியபோது கண்கள் ஓரளவே தெரிந்தன. அப்பிரதியை அவருடைய தமக்கையாருக்கு அனுப்பியிருக்கிறேன்.