விதை எண்ணெயிலிருந்து மக்கும் பூச்சுப் பிசின்கள்

ஒஸ்லோவின் வடகிழக்கில், குரூருட் மெற்றோப் பாதை முடியும் இடம் வெஸ்ட்லி. எழுபதுகளில் எழுந்த அடுக்குமாடிகள் இங்கே அதிகம். ஆனால் நோர்வேயின் பழைய கட்டடக்கலை மரத்தால் ஆனது. ஒஸ்லோவின் மேற்கே பிக்டோய் அருங்காட்சியகத்தில் நிற்கும் கோல் மரத் தேவாலயம் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இத்தகைய தேவாலயங்களைக் காத்தது பைன் மரத் தார். பிற்கால மர வீடுகளைக் காத்தது ஆளிவிதை எண்ணெய் வர்ணம். இரண்டுமே தாவரம் தந்தவை. கனிய எண்ணெய்ப் பூச்சுகளின் காலத்துக்குப் பின், விதை எண்ணெயை ஆய்வுகூடங்கள் மீண்டும் நாடுகின்றன.

எண்ணெய் காய்வது எப்படி?

தண்ணீர் ஆவியாகிக் காய்கிறது. எண்ணெய் அப்படியன்று, அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாக இறுகுகிறது. கொழுப்பமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளே இதற்குக் காரணம். அவற்றின் அளவைக் காட்டுவது அயடீன் எண். ஆளிவிதை எண்ணெய்க்கு அது சுமார் 180, ஆமணக்குக்கு 85, தேங்காய் எண்ணெய்க்கோ 10ஐ ஒட்டியதே. ஆகவே தேங்காய் எண்ணெய் பூசிய பலகை பிசுபிசுப்பாகவே இருக்கும். இந்த வேதிவினையில் வெப்பமும் பிறக்கிறது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பற்றக்கூடும் என்பதை வர்ணம் பூசுவோர் மறக்கலாகாது.

இந்தியா, குறிப்பாகக் குஜராத், பெருமளவில் விளைவிக்கும் ஆமணக்கின் எண்ணெய் தானாகக் காயாது. ஆனால் வேதிமுறையில் அதன் மூலக்கூறிலிருந்து நீரை அகற்றினால் புதிய இரட்டைப் பிணைப்பு உருவாகி, உலரும் எண்ணெயாகிவிடும்.

பிசின் ஆக்கும் முறை

எண்ணெயையும் கிளிசரோலையும் ஊக்கியுடன் 220 முதல் 240 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவர். பின்னர் தாலிக் அன்ஹைட்ரைட் சேர்த்து, உண்டாகும் நீரை வெளியேற்றினால் நீண்ட சங்கிலியுள்ள பிசின் கிடைக்கும். இதற்கு அல்கைட் என்ற பெயரை 1927இல் இட்டவர் அமெரிக்க வேதியியலாளர் கீன்ல்.

உணவுக்குரிய எண்ணெயை வர்ணத்துக்குச் செலவிடலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. அதனால் உண்ணப்படாத விதைகளின் மீது கவனம் திரும்பியது. அஸ்ஸாமின் தேஸ்பூர் பல்கலைக்கழகத்தில் நிரஞ்சன் கரக்கும் அவரது குழுவினரும் நாக மர விதை எண்ணெயிலிருந்து பொலியெஸ்டர், பொலியுரேத்தேன் பிசின்களை உருவாக்கியுள்ளனர். 1986இல் இலங்கையின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது இதே நாக மரம்தான்.

தாவரம் என்றால் மக்குமா?

இங்கேதான் பலரும் இரண்டு செய்திகளை ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கின்றனர். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது வேறு, முடிவில் மக்குமா என்பது வேறு. பிரேசிலில் கரும்பு எதனோலிலிருந்து செய்யப்படும் பொலித்தீன் மக்காது. கனிய எண்ணெயிலிருந்து வரும் பொலிகப்ரோலக்டோன் மக்கும். நுண்ணுயிர்களின் நொதியங்கள் வெட்டக்கூடிய பிணைப்பு இருக்கிறதா என்பதே முக்கியம். எண்ணெய்ப் பிசின்களில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. லிப்பேஸ் நொதியம் அவற்றை வெட்டும். ஆனால் வலை நெருக்கமாகப் பின்னினால் நொதியம் உள்ளே நுழைவது கடினம். பூச்சை உறுதியாக்கும் அதே பின்னலே மக்குவதையும் தாமதப்படுத்துகிறது.

எனவே ஒரு பூச்சு எவ்வளவு காலம் வாழவேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குப் பல்லாண்டுகள், உர மணிக்கு ஒரு பருவம், காகிதக் குவளைக்கு ஒரு நாள். கைத்தொழில் முறையில் உரமாக்கும் இடத்தில், பொதியிடும் பொருள் ஆறு மாதங்களுக்குள் 90 விழுக்காடு சிதையவேண்டும் என்கிறது ஐரோப்பாவின் ஈ.என். 13432 தரநிலை. இயற்கையானது என்று எழுதிய தகரத்தைக் கையில் எடுக்கும்போது, எதிலிருந்து செய்தது என்பதோடு நின்றுவிடாமல், எங்கே, எத்தனை நாளில் மக்கும் என்றும் கேட்பதே பொருத்தம்.