தோர்ணக்கல் ஏழையர் கண்ட இன்பம்

வறியோர்க்கு ஈதல் அறம் என்று நாம் இளமைதொட்டே கற்று வருகின்றோம். அவ்வறியோர் தாமும் ஈயவல்லர் என்பதையும், ஈயுங்கால் அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சி செல்வர்க்கும் எளிதிற் கிட்டாது என்பதையும் ஆராய்வார் சிலரே. இவ்வுண்மையைத் தெலுங்கு நாட்டுச் சிற்றூர்களில் கண்டுணர்ந்தவர் தமிழர் ஒருவர். அவர் வரலாற்றின் ஒரு கூற்றை ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். அவர் சமயம் யாதாயினும் ஆகுக. தாழ்ந்துகிடந்த மக்கள் எவ்வழியாகத் தலைநிமிர்ந்தனர் என்பதே நாம் நோக்கும் பொருள்.

பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் 1874-ஆம் ஆண்டிற் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. கல்வி கற்றபின் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் காரியதரிசியாயிருந்து பல ஊர்களுக்கும் பிரயாணஞ் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, ஆங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பொருளைக்கொண்டே கடல்கடந்து ஊழியரை அனுப்பியிருத்தலைக் கண்டார். ‘நம்மவர் என்றும் அந்நியரிடம் பெறுவோராகவே இருத்தல் தகுமோ’ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. அடுத்த ஆண்டு, 1903 பிப்ரவரி 12-ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றிற்று. ஊழியரும் இந்தியர், பொருளும் இந்தியருடையது, நிருவாகமும் இந்தியருடையது என்பதே அதன் கொள்கை.

அச்சங்கம் தெரிந்தெடுத்த இடம், அக்காலத்து நிஜாம் சமஸ்தானத்திலிருந்ததும் இப்போது தெலங்கானாவில் உள்ளதுமான தோர்ணக்கல். 1909-இல் அசரியா தம் பதவியை விடுத்துத் தாமே ஆங்குச் சென்றார். அப்போது அவர்க்கு வயது 35. தெலுங்கு மொழியை முயன்று கற்றார், கூடாரத்தில் தங்கினார், மாட்டுவண்டியில் ஊர்தோறும் சென்றார். அவர்தம் மனைவியார் அன்பு அம்மையாரும் அவ்வூழியத்தில் உடனுழைத்தார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி எய்தியது அதுவே முதன்முறை.

ஆங்கு அவரை நாடி வந்தோர் யாவர்? பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் இரு குலத்தார். மாலர் பிறர் நிலத்திற் கூலிக்கு உழைப்போர். மாதிகர் தோல்வேலையும் கூலிவேலையும் புரிவோர். ஊர்க்குப் புறம்பே குடியிருப்பு. உயர்ந்தோர் கிணற்றில் நீர் மொள்ளத் தடை. வட்டிக் கடனாற் கட்டுண்ட வாழ்வு. இவற்றோடு, அவ்விரு குலத்தாரும் ஒருவரோடொருவர் உண்ணுதலும் இல்லை, கலத்தலும் இல்லை. தாழ்த்தப்பட்டோருள்ளும் தாழ்வு கற்பித்த கொடுமையை என்னென்போம்!

அசரியா அம்மக்களிடம் அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் நான்கு பேய்களாக உருவகஞ் செய்து உரைப்பார். இப்பேய்களை ஓட்டுதற்குப் பள்ளிக்கூடங்களும், வைத்தியசாலைகளும், கூட்டுறவுச் சங்கங்களும் எழுந்தன. எனினும், இவற்றைக் காட்டிலும் நாம் வியப்பது வேறொன்று. ‘இவர்கள் பரம ஏழைகள், இவர்களிடம் காணிக்கை கேட்பது கொடுமை’ என்று அவர் கருதவில்லை. வீட்டுப் பெண்டிர் உலையிலிடும் அரிசியில் நாடோறும் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தனர். அறுப்புக் காலத்தில் தானியமும், காய்கறியும், கோழியும் கொணர்ந்து தேவாலயத்திற் படைத்தனர். ஞானஸ்நானம் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் பெற்ற செய்தியைப் பிறர்க்கும் உரைப்பதாக உறுதி கூறினர். எழுத்தறியாக் கூலியாளும் அன்றுமுதல் ஒரு போதகனானான். நேற்றுவரை கையேந்தி நின்றவன் இன்று ஈவோன் ஆனான். அந்நிமிடமே அவன் முதுகு நிமிர்ந்தது.

இவ்வாறு பிறந்த மகிழ்ச்சி பாட்டாகவும் ஆட்டமாகவும் பெருகிற்று. மேனாட்டு இராகங்களை அவர்கள்மேற் சுமத்தாது, தெலுங்குக் கீர்த்தனைகளையும், கோலாட்டத்தையும், கிராம வாத்தியங்களையும் அசரியா போற்றினார். பகலெல்லாம் வயலில் உழைத்த மக்கள் இரவில் விளக்கொளியிற் கூடிப் பாடினர். அவர்தம் வறுமை ஒருநாளில் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அவ்வறுமை அவர்தம் வாயை அடைக்கவும் வல்லதாகவில்லை.

தோர்ணக்கல் பேராலயமே அதற்குச் சான்று. அதனைக் கட்டி முடிக்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் சென்றன. கோயிற்றூண்களின் அமைப்பும், மசூதியின் குவிமாடமும் மினாரும் ஒருங்கிசைந்த அவ்வாலயம் 1939 ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பெற்றது. ஏழையர் காணிக்கையும் அதன் கற்களிடையே கலந்து நிற்கின்றது.

இடர்கள் இல்லாமலில்லை. மாலர், மாதிகர் பிணக்கு முற்றும் அகலவில்லை. மதமாற்றம் பற்றிக் காந்தியடிகள் 1930-களில் கடுமையாகக் கண்டித்து எழுதினார். அது குறித்து இருவர்க்கும் கருத்து வேற்றுமை இருந்தது. எனினும் 1945 ஜனவரி 1-ஆம் நாள் அசரியா மறைந்தபோது, அம்மேற்றிராசனத்தின் மக்கள் தொகை இரண்டு லட்சத்தைக் கடந்திருந்தது.

அன்பர்காள்! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. சங்கத்தின் கல்வி நிதிக்குச் செல்வர் நன்கொடை வேண்டும். ஆயின் கூலிவேலை செய்யும் உறுப்பினரின் காலணாவும், அவர் வீட்டுப் பிடியரிசியும் அதனினும் வேண்டும். கொடாதவனுக்குச் சங்கம் பிறருடைய வீடு. கொடுத்தவனுக்கு அது தன் வீடு. இஃது ஒன்று. மற்றொன்று, அசரியா தம் குலத்தாரோடு நின்றுவிடாமல், மொழியும் நாடும் குலமும் வேறான மக்களிடையே சென்று வாழ்ந்தார் என்பது. தன் குலத்தை உயர்த்த விழைவோன், தனக்குக் கீழென்று உலகம் ஒதுக்கியவரை மறந்து உயரலாமோ? இதனை நம் இல்லந்தோறும் பெரியோரும் இளைஞரும் ஒருங்கிருந்து ஆராய்வாராக.