பிரெஞ்சு எம்பிராய்டரியா, நம்ம ஊர் எம்பிராய்டரியா?

புதுச்சேரிக்குச் சுற்றுலா வருபவர்கள் கடற்கரை, பாரதி பூங்கா, ஆசிரமம், ஆரோவில் என்று ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். அந்தப் பட்டியலின் கடைசியில் எங்கோ ஒரு மூலையில் 'குளூனி எம்பிராய்டரி சென்டர்' என்று ஒரு வரி இருக்கும். ரொமேன் ரோலண்ட் வீதியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடு ஒன்று. உள்ளே உயரமான கூரை, தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள். மேசை விரிப்பு, கைக்குட்டை, தலையணை உறை என்று எல்லாவற்றிலும் பூவும் கொடியும். வாங்கிப் போகிறவர்கள் தங்கள் ஊரில் அதை 'பிரெஞ்சு எம்பிராய்டரி' என்று சொல்லிக் காட்டுவார்கள்.

அது பிரெஞ்சு எம்பிராய்டரிதானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கொஞ்சம் பின்னால் போனால் ஒரு வேடிக்கையான கணக்கு கிடைக்கிறது. (வணிகவியல் படிக்கிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் தோன்றும். பொறுத்துக்கொள்ளவும்.)

1674இல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்காக இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணமே துணி. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும், அதன்மேல் கையால் சாயமெழுதிய பூத்துணியும் பிரான்சில் பெரிய மோகமாகிவிட்டன. எவ்வளவு மோகம் என்றால், உள்ளூர் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூச்சல் போட்டதால் 1686இல் பிரெஞ்சு அரசு அந்தத் துணிகளுக்குத் தடையே விதித்தது. வெளியிலிருந்து கொண்டுவரக்கூடாது, உள்ளூரில் பார்த்து அச்சடிக்கவும் கூடாது. 1759 வரை, அதாவது எழுபது வருஷத்துக்கு மேல், தடை இருந்தது. தடை இருந்தால் ஆசை கூடும் என்பதற்குப் பொருளாதாரப் புத்தகம் தேவையில்லை. கள்ளத்தனமாக வாங்கி உடுத்தினார்கள்.

தொழில் ரகசியத்தைத் தெரிந்துகொள்ளவும் ஆட்கள் கிளம்பினார்கள். 1734 வாக்கில் பொலியு என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயக்காரர் பக்கத்தில் இருந்து, துணிக்குக் கடுக்காய் கட்டுவதிலிருந்து கடைசிச் சாயம் வரை ஒவ்வொரு படியையும் எழுதிவைத்தார். எழுதியது மட்டுமல்ல, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டிச் சேர்த்து அனுப்பினார். அந்தக் கையெழுத்துப் பிரதி துணித்துண்டுகளோடு பாரிஸில் இருக்கிறது. 1742இல் கேர்தூ என்ற சேசுசபைப் பாதிரியாரும் இதே தொழில் பற்றி நீண்ட கடிதம் எழுதினார்.

இதெல்லாம் சாயவேலை, எம்பிராய்டரி எங்கே வந்தது என்று கேட்கலாம். இங்கேதான் வருகிறது. 1746இல் முலூஸ் என்ற ஊரில் மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து, இந்தியத் துணிகளைப் பார்த்து அச்சடிக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். முலூஸ் அப்போது பிரான்சின் பகுதியே அல்ல, 1798இல்தான் சேர்ந்தது. அதனால் பிரெஞ்சுத் தடை அங்கே செல்லாது! அந்த மூவரில் ஒருவர் குடும்பத்துப் பெயர் தோல்ஃபூஸ். அடுத்த தலைமுறையில் மியெக் குடும்பத்துச் சம்பந்தம் கூடி 'தோல்ஃபூஸ் மியெக் கம்பெனி' ஆனது. சுருக்கமாக டி.எம்.சி. ஆம், இன்று உலகம் முழுக்க எம்பிராய்டரி செய்பவர்கள் நம்பர் சொல்லி வாங்கும் அதே டி.எம்.சி. நூல்தான். நம் கடைகளில் ஆங்கர் நூல்கண்டு அதிகம், ஆனாலும் டி.எம்.சி. பெயர் தெரியாத தையல் டீச்சர் இருக்கமாட்டார். 1886இல் தெரேஸ் த தில்மோன் என்ற அம்மையார் டி.எம்.சி.யோடு சேர்ந்து வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியம் பல மொழிகளில் போய், உலகம் முழுக்கப் பெண்களின் பாடப்புத்தகமாகவே ஆகிவிட்டது. ஆக, 'பிரெஞ்சு' நூல் கம்பெனியின் முதல் முதலீடு இந்தியத் துணியின் நகல்.

தையலிலும் இதே கதை உண்டு. சங்கிலித் தையலை ஊசியால் ஒவ்வொரு கண்ணியாகப் போட்டால் நேரம் பிடிக்கும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி முனையுள்ள ஆரி ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியால் மேலே இழுத்துக்கொண்டே போனால் பல மடங்கு வேகம். ஆரி முதலில் செருப்புத் தைப்பவர்களின் கருவி. குஜராத்தின் மோச்சிகள் தோலிலிருந்து அதைத் துணிக்குக் கொண்டுவந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேலை ஐரோப்பாவுக்குப் போனது. வட்டச் சட்டத்தில் துணியை மேளத்தோல்போல இழுத்துக் கட்டுவதால் பிரெஞ்சில் மேளத்துக்குரிய சொல்லான 'தம்பூர்' என்ற பெயரே அதற்கு வந்தது. ராஜாவுக்கு எம்பிராய்டரி டிசைன் வரைந்துகொடுத்த சேன்ட் ஒபேன் 1770இல் எழுதிய எம்பிராய்டரிக் கலை நூலில் இதற்கும் இடம் கொடுத்திருக்கிறார். பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி தம்பூர் சட்டத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஓவியம் 1763-64இல் வரையப்பட்டது, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1761இல், ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். ஊர் போனது, ஊசி அரண்மனையில் இருந்தது.

சரி, அப்படிப் போனது திரும்பி வந்த கதைக்கு வருவோம்.

1807இல் ஆன் மரி ஜவுயே என்ற பெண்மணி பிரான்சில் தொடங்கிய சபை, 'குளூனி புனித சூசையப்பர் கன்னியர்' சபை. சாதாரண ஆளில்லை அவர். தென்னமெரிக்காவில் கயானாவின் மானா என்ற ஊரில் அடிமைகள் விடுதலைக்கு வேலை செய்தவர். அவருடைய சகோதரிகள் 1827இல் புதுச்சேரி வந்தார்கள். அப்போது இங்கே பிரெஞ்சு அரசு கல்லூரி (1826), பொது நூலகம் (1827) என்று வரிசையாகத் திறந்துகொண்டிருந்த காலம். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது சகோதரிகளின் பொறுப்பு. அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளி எதுவானாலும் படிப்போடு ஊசிவேலையும் பாடம். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அது நாகரிகம், ஆதரவில்லாத பெண்ணுக்கு அது சோறு. ஒரே தையல்தான், ஆனால் யார் தைக்கிறார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடுகிறது.

இந்தச் சோறு விஷயம் லேசானதில்லை. இதே காலத்தில் நாகர்கோவிலில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்பிள்ளைகள் பள்ளி நடத்தி, 1821இல் லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது, 1855இல்தான் அது ஒழிந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. தோளில் சீலை போடக்கூடாது என்று சட்டம் பேசிய நாட்டில், அதே பெண்களின் கை வேலை வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் தோளில் போனது. மார்த்தாவின் மகள் எலிசா, 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி போனபோது இந்த லேஸையும் அங்கே கொண்டுபோனார். ('ஒப்பிலக்கணம்' எழுதிய அதே கால்டுவெல்தான். மனைவியின் லேஸ் பற்றி நம் பாடப்புத்தகம் மூச்சுவிடுவதில்லை.)

புதுச்சேரியில் குளூனி சகோதரிகளின் எம்பிராய்டரிக் கூடமும் இப்படி ஏழைப் பெண்களுக்கு வேலை கொடுக்கும் இடமாகத்தான் நிலைத்தது. கன்னியர் மடத்து வேலையின் பாணி தனி. சங்கிலித் தையல், காம்புத் தையல், நிரப்புத் தையல், பிரெஞ்சு முடிச்சு எல்லாம் உண்டு, ஆனால் பளபளப்பு கிடையாது. மெல்லிய துணியில் சின்னப் பூ. பின்பக்கமும் முன்பக்கம்போலச் சுத்தமாக இருக்கவேண்டும் என்ற பிடிவாதம்.

டிசைனைத் துணிக்கு மாற்றும் முறை கைவேலை செய்யும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய்த் தாளில் வரைந்து, கோட்டின்மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்திக்கொண்டு போவார்கள். அந்தத் தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியையோ வெள்ளைப் பொடியையோ பஞ்சால் தேய்த்தால், ஓட்டை வழியாகப் புள்ளிபுள்ளியாக இறங்கும். மண்ணெண்ணெய் ஆவியாகிவிடும், பொடி நிற்கும். அதற்குள் தைத்தாகவேண்டும், கை பட்டுப் பட்டுப் புள்ளி அழியும். சாயத்துணிக்காரர்களும் இதேபோலக் குத்திய தாளில் கரித்தூள் தேய்த்துத்தான் டிசைன் இறக்கினார்கள். இருநூறு வருஷத்தில் கரித்தூள் போய் மண்ணெண்ணெய் வந்தது, அவ்வளவுதான்.

ஆசிரமத்தையும் ஒரு வரி சொல்லாமல் விடக்கூடாது. 1926இல் அது உருவான பிறகு, பாரிஸில் பிறந்த அன்னைக்காகப் பெண் சாதகர்கள் சேலைகளில் பூவேலை செய்தார்கள். எம்பிராய்டரிக்கென்றே அங்கே ஒரு பிரிவும் வந்தது. அங்கே அது கூலி அல்ல, காணிக்கை.

வீடுகளில் நடந்ததுதான் யாரும் எழுதிவைக்காத வரலாறு. புதுச்சேரி என்றில்லை, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பெண்கள் அத்தனை பேர் வீட்டிலும் 'குட் நைட்' என்று தைத்த தலையணை உறை, கிளி ஜோடி, ரோஜாப்பூ கைக்குட்டை, கண்ணாடிச் சட்டத்துக்குள் மயில் இருந்தன. பெண் பார்க்க வருகிறவர்களிடம் "இது பாப்பா போட்டது" என்று எடுத்துக் காட்டுவதற்கென்றே சில உருப்படிகள் பெட்டியில் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வளையமும் நூல்கண்டும் பரணுக்குப் போய்விடும்.

வெளிநாட்டில் இதே வீட்டு எம்பிராய்டரி இன்னொரு வழியில் போனது. 1876இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் ஜப்பானியப் பொருட்களைப் பார்த்து மயங்கிய பெண்கள், ஒழுங்கில்லாத வடிவங்களில் பட்டு, வெல்வெட் துண்டுகளை ஒட்டி, ஒவ்வொரு இணைப்பின்மேலும் வேறுவேறு அலங்காரத் தையல் போட்டு 'கிரேசி குயில்ட்' செய்ய ஆரம்பித்தார்கள். போர்த்திக்கொள்ள அல்ல, வரவேற்பறையில் பார்வைக்கு வைக்க! இங்கே அது பரவவில்லை. நம் வெயிலுக்குப் பஞ்சு வைத்த போர்வை எதற்கு? பாட்டியின் பழைய நூல்சேலையை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டால் பிள்ளைக்குப் படுக்கை ரெடி. ஒட்டுப்போட்ட துணியைத் தமிழில் 'கந்தை' என்போம். கந்தையைக் கலையாக்குவது நமக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம்.

ஆனால் ஒருமுறை நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் புதுச்சேரிக் கரையின் மீனவக் குப்பங்கள் அடிபட்டன. 2005இல் ஆரோவிலின் 'உபாசனா' துணி வடிவமைப்பு நிறுவனம், உமா பிரஜாபதியின் முயற்சியில், மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணித்துண்டுகளைக் கொடுத்து விரல் அளவுப் பொம்மைகள் செய்யச் சொல்லிக்கொடுத்தது. பெயர் 'சுனாமிகா'. இதில் வணிகவியல் மூளைக்கு எட்டாத விஷயம் ஒன்று: அந்தப் பொம்மைக்கு விலையே கிடையாது. சும்மா கொடுக்கப்பட்டது. பிடித்தவர்கள் கொடுத்த நன்கொடையிலிருந்து செய்தவர்களுக்குக் கூலி போனது. கடலைப் பார்க்கவே பயந்த பெண்களுக்கு அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

விலையுள்ள பொருளுக்குத் திரும்புவோம். ஒரு கைவேலை மேசை விரிப்பின் காஸ்ட் ஷீட் போட்டுப் பாருங்கள். துணி கொஞ்சம், நூல் கொஞ்சம், மிச்சம் எல்லாமே நேரம். வீட்டிலிருந்து செய்பவருக்குப் பெரும்பாலும் பீஸ் ரேட். பிரித்துத் தைத்த நேரம், கண் வலித்து நிறுத்திய நேரம், நூல் வரக் காத்திருந்த நேரம் எதுவும் கணக்கில் ஏறாது. வாங்குபவர் "ஒரு துணிக்கு இவ்வளவா?" என்கிறார். அவர் துணிக்கு விலை கேட்கிறார், கொடுப்பதோ ஒருத்தியின் இரண்டு மாதத்துக்கு. பொலியு அத்தனை கவனமாகத் துணித்துண்டு சேர்த்தாரே, தைப்பவர் விஷயத்தில் கடைக்காரர்களுக்கு அந்தக் கவனம் வந்ததில்லை.

இதற்கிடையில் ஆரியும் சுற்றிவந்து சேர்ந்துவிட்டது. 1993இல் ழான் பிரான்சுவா லெசாழ், பாரிஸின் பேர்பெற்ற எம்பிராய்டரிக் குடும்பத்துப் பிள்ளை, சென்னையில் பட்டறை தொடங்கினார். பிரெஞ்சு மாளிகைகளுக்கான வேலை சென்னைக் கைவினைஞர்களின் சட்டத்தில் நடக்க ஆரம்பித்தது. அப்புறம் கல்யாண பிளவுஸ் மோகம் வந்தது. இன்று புதுச்சேரியில் 'ஆரி ஒர்க் கிளாஸ்' போர்டு இல்லாத தெருவைத் தேடவேண்டும். கட்டில்போல நிற்கும் மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய பட்டு, மேலே மணி, ஜமிக்கி, ஜர்தோசி. பொம்பதூர் சீமாட்டி பொழுதுபோக்காகச் செய்த அதே கொக்கி வேலை, இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் உட்காரும் அம்மாக்களின் வருமானம்.

கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினும் வந்துவிட்டதால், எது கைவேலை என்று கேட்கிறவர்கள் அதிகம். தையல் தெரிந்த பெண்கள் பூவைப் பார்க்கமாட்டார்கள், துணியைத் திருப்பிப் பார்ப்பார்கள். மெஷின் வேலையின் பின்பக்கம் முழுக்க ஒரே வெள்ளை நூல் சீராக ஓடியிருக்கும். கைவேலை என்றால் முடிச்சு ஒரு இடத்தில் பெரிசு, ஒரு இடத்தில் சிறிசு. இந்தப் பூவிலிருந்து அந்த இலைக்கு நூலை வெட்டாமலே தாவியிருக்கும். பழகிய கண்ணுக்கு, "இது மூணாவது பெஞ்சு அக்கா போட்டது" என்றுகூடத் தெரியும்.