தேனீயின் மறுமொழி

கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1920களில் தேனீக்களுக்கு இரண்டு வார்த்தைகள் இருப்பதாக எண்ணினார். வட்டமாகச் சுற்றினால் பூந்தேன், உடலை ஆட்டி நடந்தால் மகரந்தம். இருபது வருஷம் அதுவே பாடமாக இருந்தது. 1941இல் நாஜி அரசு அவருடைய தாய்வழிப் பாட்டியின் யூத வம்சத்தைத் தோண்டியெடுத்து, ம்யூனிக் பேராசிரியர் பதவியிலிருந்து அவரை நீக்கத் தீர்மானித்தது. காப்பாற்றியது ஒரு நோய்க்கிருமி. நோஸிமா தேனீக் குடும்பங்களை லட்சக்கணக்கில் அழித்துக்கொண்டிருந்தது. தேனீ இல்லாமல் பழமரம் காய்க்காது. பதவிநீக்கம் யுத்தம் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

அந்த அவகாசத்தில், 1944 கோடையில், ஆஸ்திரியாவின் ப்ருன்விங்கில் உணவுத் தட்டைக் கூட்டிலிருந்து தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தபோது பழைய அகராதி சரிந்தது. ஆட்டத்தின் வேறுபாடு பண்டத்தில் இல்லை, தூரத்தில் இருந்தது. மறு வருஷம் திசையும் பிடிபட்டது. இருட்டில், செங்குத்தான அடையின்மேல், மேல்நோக்கி ஆடினால் சூரியன் இருக்கும் திக்கு. வலப்புறம் 40 டிகிரி சாய்ந்தால், வெளியே சூரியனுக்கு வலப்புறம் 40 டிகிரி. குறியீடு பற்றி நாம் போட்டுக்கொள்ளும் சண்டைகளில் இவ்வளவு திட்டமான உதாரணத்தை யாரும் காட்டியதில்லை.

ஆனால் இது மொழியா? இல்லை என்றார் எமில் பென்வெனிஸ்ட், 1952இல். செய்தியைப் பெற்ற தேனீ பறந்து போகிறதே தவிரப் பதில் சொல்வதில்லை. தான் நேரில் போய்ப் பார்க்காததை, கேட்டதைக்கொண்டு மட்டும், இன்னொன்றுக்குச் சொல்லவும் அதனால் ஆகாது. (எங்கள் ஜாமீன் பத்திரங்களுக்கு இப்படிப்பட்ட சாட்சிகள் கிடைத்தால் வங்கிக்கு லாபம்.) இரண்டாவது வாதம் இன்றும் நிற்கிறது. முதலாவதில்தான் எனக்குத் தகராறு.

பென்வெனிஸ்ட் கண்டது இரை தேடும் தேனீயை மட்டும். ரஷ்யப் போர்முனையில் காயம்பட்டுத் திரும்பிய மார்ட்டின் லிண்டவர், ஃபிரிஷ்ஷின் மாணவர், 1949இல் ம்யூனிக்கில் வேறொன்றைப் பார்த்தார். கூட்டைவிட்டுக் கிளம்பி வெளியே தொங்கிய கூட்டத்தின்மேல் ஆடிய தேனீக்கள் அழுக்காக இருந்தன. சில புகைக்கரியில் கறுத்து, சில செங்கல் தூளில் சிவந்து. குண்டுவீச்சில் இடிந்த நகரத்தில் அவை குடிபோக வீடு பார்த்து வந்திருந்தன. ஒவ்வொன்றும் தான் கண்ட இடத்துக்காக ஆடியது. நல்ல இடமானால் ஆட்டம் மும்முரம். நாட்கணக்கில்கூட நீளும் இந்த வழக்கு, ஆட்டங்கள் ஒரே இடத்தைக் காட்டத் தொடங்கும்போது முடிந்து, கூட்டம் பறந்துபோகும்.

இதன் பிற்பகுதி தாமஸ் சீலியும் சகாக்களும் 2011இல் வெளியிட்டது. ஒரு இடத்துக்காக ஆடும் தேனீயை, வேறு இடத்தைப் பார்த்துவந்த தேனீ நெருங்கித் தலையால் முட்டுகிறது. முட்டும்போதே சிறு ஒலி எழுப்புகிறது. முட்டு பல விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். பென்வெனிஸ்ட் இல்லையென்ற மறுமொழி இதுதானே? மறுப்பு மட்டுமே தெரிந்த மறுமொழி, ஒப்புக்கொள்கிறேன். நம் விமர்சனக் கூட்டங்களில் புழங்குவதும் பெரும்பாலும் அதுதான்.