கண்ணுக்கான எழுத்தும் கருவிக்கான மொழியும்

சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்கள், பாடத்திட்டத்தின் ஆறாவது, கடைசிப் பகுதியை அடைந்ததும் சற்றுத் தயங்குவதைக் காண்கிறோம். 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அத்தேர்வில் தானியக்கத்துக்கும் நிரலாக்கத்துக்கும் 10 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதே நாளில் இத்துறைக்கெனவே டெவ்நெட் என்ற தனித் தேர்வுவரிசையும் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் ரௌட்டர்களோடு பழகிய கைகளுக்கு, நெளிவு அடைப்புக்குறிகள் நிறைந்த ஜேசான் எழுத்து அயலாகத் தெரிவதில் வியப்பில்லை. இப்பகுதியை மனப்பாடப் பட்டியலாக அல்லாமல் வரலாறாக வாசித்தால், அந்த அயன்மை விலகிவிடும் என்பதே நாம் சொல்ல விழைவது.

1983இல் ஆர்.எஃப்.சி. 854 என்ற ஆவணம் டெல்நெட் நெறிமுறையை வரையறுத்தது. தொலைவில் உள்ள கருவியோடு விசைப்பலகை வழியே உரையாட அது வழிசெய்தது. நிர்வாகி ஒரு கட்டளையைத் தட்டுவார். ரௌட்டர் நிரல்களாக அடுக்கிய அட்டவணையை விடையாகத் தரும். அந்த விடை மனிதக் கண்ணுக்காகவே எழுதப்பட்டது. 1993இல் தோன்றிய சி.சி.ஐ.இ. சான்றிதழின் செய்முறைத் தேர்வு தொடக்க ஆண்டுகளில் இரண்டு நாட்கள் நீண்டது. கட்டளையை விரல்நுனியில் வைத்திருப்பதே அன்று தேர்ச்சி எனப்பட்டது.

கருவிகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது விரல்கள் போதவில்லை. டான் லிப்ஸ் 1990இல் வெளியிட்ட எக்ஸ்பெக்ட் என்ற மென்பொருளின் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடும். குறிப்பிட்ட சொல் திரையில் தோன்றும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கும். தோன்றியதும் அடுத்த கட்டளையைத் தட்டும். மனிதனைப்போல் நடித்த நிரல் அது. ஆனால் கருவியின் புதிய பதிப்பில் ஒரு சொல் மாறினாலோ ஒரு நிரல் நகர்ந்தாலோ நாடகம் கலைந்துவிடும். மனிதன் அம்மாற்றத்தைக் கவனிக்காமலே கடந்துபோவான். நிரலால் அது இயலாது.

1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. இக்குறையைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கருவிகளின் நலத்தைக் கண்காணிக்க அது பெரிதும் பயன்பட்டது. கருவி எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை எழுதிவைக்கும் வேலையில், அதாவது அமைவை மாற்றுவதில், நிர்வாகிகள் பெரும்பாலும் அதை நாடவில்லை.

2002 ஜூனில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரெஸ்டன் நகரில், நெறிமுறைகளை வகுப்போரும் வலையமைப்புகளை நடத்துவோரும் மூன்று நாட்கள் கூடிப் பேசினர். அவ்வுரையாடலின் பதிவே 2003இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3535. நடத்துவோர் முன்வைத்த தேவைகள் எளியவை. நாம் எழுதிய அமைவையும் கருவியின் நடப்பு நிலையையும் பிரித்துக் காட்டுங்கள். இரண்டு அமைவுகளை ஒப்பிட வழி வேண்டும். தனித்தனிக் கருவியாக அல்லாமல் வலையமைப்பு முழுவதையும் ஒன்றாகக் கருதி மாற்ற வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் இரவுப்பணிகள் இக்கோரிக்கைகளுக்குப் பின்னே நிற்பதாக நமக்குத் தோன்றுகிறது.

2006இல் வெளியான நெட்கான்ஃப் அதற்குக் கிடைத்த விடை. 2010இல் வந்த யாங், தரவு எந்த வடிவில் இருக்கவேண்டும் என்பதை வரையறுக்கும் மொழி. இவற்றால் ரௌட்டர் திரைக்கு எழுதுவதை விட்டு, நிரலுக்கு நேராகப் பதில் சொல்லத் தொடங்கியது. ஏ.பி.ஐ. என்று தேர்வுநூல்கள் சொல்வது இந்த வாசலைத்தான்.

இங்கு கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. தொலைவில் உள்ள ரௌட்டரில் ஒரு தவறான வரியை எழுதினால், நாம் நுழைந்த கதவே நம்மீது சாத்திக்கொள்ளும். ஆகவே சிஸ்கோ கருவிகளில் வேலை செய்வோர், ஆபத்தான மாற்றத்துக்கு முன் 'ரீலோட் இன் 10' என்று தட்டிவைப்பது வழக்கம். கதவு அடைபட்டால் பத்து நிமிடத்தில் கருவி தானே மறுதொடக்கமாகிப் பழைய நிலைக்கு மீளும். நெட்கான்ஃபில் இந்த முன்னெச்சரிக்கை மொழியின் இலக்கணமாகவே அமைந்தது. உறுதிசெய்யப்படும் ஒப்படைப்பு என்னும் வசதியைப் பயன்படுத்தினால், வேறு கால அளவு குறிக்காதவரை, 600 நொடிகளுக்குள் மறு உறுதி வராத மாற்றம் தானாகவே நீங்கிவிடும்.

2017இல் வந்த ரெஸ்ட்கான்ஃப், அதே தரவை வலைப்பக்கங்கள் பயணிக்கும் எச்.டி.டி.பி. வழியே கொண்டுசென்றது. ராய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டு தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்ட் என்ற கட்டமைப்பே அதற்கு அடிப்படை. தேர்வர்கள் கெட், போஸ்ட், புட், பேட்ச், டெலீட் என்று ஐந்து வினைச்சொற்களை ஒப்பிப்பார்கள். பேட்ச் இருப்பதோடு சேர்க்கும். புட் இருப்பதை முழுதாக மாற்றும். இன்டர்ஃபேஸ்களின் தொகுப்பு முழுவதற்கும் உரிய முகவரிக்கு ஒரேயொரு இன்டர்ஃபேஸின் விவரத்தை 'புட்' என்று அனுப்பினால், மற்றவற்றின் அமைவு அழிந்துபோகும். தேர்வில் அது ஒரு மதிப்பெண் இழப்பு. பணியிடத்தில் ஒரு மருத்துவமனையின் தொடர்பே அறுந்துபோகலாம்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. வழக்கமான பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளை, தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்துவிட்டது. அத்தகைய கட்டளையைத் தடுக்கவேண்டிய தணிக்கைக் கருவியும், தன்னிடமிருந்த பிழையால் அதைத் தடுக்கவில்லை என்று அந்நிறுவனமே விளக்கம் அளித்தது. கைவேலையின் பிழை ஒரு கருவியோடு நிற்கக்கூடியது. தானியக்கத்தின் பிழைக்கு அந்த எல்லை இல்லை.

டெவ்நெட் அசோசியேட் சான்றிதழை 2026இல் சி.சி.என்.ஏ. ஆட்டோமேஷன் எனப் பெயர்மாற்றுவதாக சிஸ்கோ 2025இல் அறிவித்தது. பெயர்கள் இன்னும் மாறக்கூடும். மாற்றத்துக்கு முன் 'பத்து நிமிடம் கழித்து மீண்டு வா' என்று கருவியிடம் சொல்லிவைத்த பழைய நிர்வாகியின் தயக்கம் மட்டும் காலாவதியாகவில்லை. பாடத்திட்டத்தின் கடைசிப் பகுதியில் நாம் முதலில் கற்கவேண்டியது அதைத்தான்.