தருமபுரியிலிருந்து பாலமூர் வரை

ஐதராபாத் மாநகரின் கிழக்கே நாச்சாரம் என்னும் தொழிற்பேட்டைப் பகுதி இருக்கிறது. காலைப் பொழுதில் அங்கே வேலைக்குச் செல்வோரின் பேச்சில் தெலுங்கும் உருதும் இந்தியும் கலந்து ஒலிக்கின்றன. இடையிடையே நம் தமிழும் காதில் விழுகிறது. அவர்களில் பலரிடம் ஊர் எது என்று கேட்டால் வெகு தொலைவிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரையே சொல்வார்கள். பிழைப்பைத் தேடிப் புறப்பட்டவர்கள் கூடும் இடம் இது. நாமும் அவ்வாறு வந்தவர்களே. ஆகவே, ஊரை விட்டு வராமலே பிழைக்க வழி செய்ய உலக நாடுகள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாறு நமக்கு அந்நியமான கதை அன்று.

ஐதராபாத்தின் கட்டடங்களை எழுப்பியவர்களுள் பாலமூர்த் தொழிலாளர் பெரும்பங்கு கொண்டவர்கள். பாலமூர் என்பது மகபூப்நகரின் பழைய பெயர். மழை பொய்க்கும் அந்த மேட்டு நிலத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூலிக்குப் புறப்படுவது தலைமுறை வழக்கமாகிவிட்டது. நம் தருமபுரியின் நிலையும் பல வகையில் இதை ஒத்ததே. வறண்ட நிலம், அரிதான நீர், கடன் கொடுப்போரின் கடுமை ஆகிய மூன்றும் சேர்ந்து அங்கும் மக்களை வெளியூருக்குத் துரத்தின. இவ்விரண்டு வறண்ட பகுதிகளும் ஒரே வரலாற்றில் இடம்பெற்றன என்பதே நாம் இங்குக் கூறவந்த செய்தி.

1974-இல் ரோமாபுரியில் உலக உணவு மாநாடு கூடியது. வறிய நாடுகளின் சிற்றூர்களுக்கென்றே தனியாக ஒரு நிதி வேண்டும் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. அதன் பயனாக 1977-இல் வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம் ஐக்கிய நாடுகளின் அமைப்பாகத் தோன்றியது. அந்நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. 1983-இல் நிறுவப்பட்டிருந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுக் கழகம் அதனை நடத்தியது. கடன் வழங்கும் பொறுப்பை இந்தியன் வங்கி ஏற்றது. பின்னர் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களுக்கும் திட்டம் பரவியது.

திட்டத்தின் உட்கருத்து எளியது. ஒரே ஊரைச் சேர்ந்த பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாகக் கூடுவர். சிறுதொகை சேமித்து, அதைத் தமக்குள்ளேயே கடனாகக் கொடுத்து வாங்கிக் கணக்கு எழுதுவர். ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தும் பழக்கம் நிலைபெற்ற பிறகு வங்கி வந்து கடன் கொடுக்கும். நிலமோ நகையோ ஈடாகக் கேட்கப்படுவதில்லை. ஒருவருக்கு ஒருவர் கொண்டுள்ள நம்பிக்கையே ஈடாக நிற்கிறது.

இதே காலத்தில் ஆந்திரத்தில் வேறொரு ஊற்றும் பொங்கியது. 1982-இல் யுனிசெப் உதவியுடன் மைய அரசு தொடங்கிய மகளிர் திட்டத்தின் சுருக்கப் பெயரான ‘துவாக்ரா’ தெலுங்குச் சிற்றூர்களில் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் ஊரில் எழுத்தறிவு வகுப்பில் கூடிய பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தனர். அப்போராட்டத்தின் பின்னர் குடியில் அழிந்துவந்த காசு சேமிப்புக் குழுக்களுக்குத் திரும்பியது.

1990-களின் நடுவில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் தெற்காசிய வறுமை ஒழிப்புப் பணியை மகபூப்நகர், கர்நூல், அனந்தப்பூர் மாவட்டங்களில் மேற்கொண்டது. அங்கே பெற்ற அனுபவத்தின்மேல் 2000-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் ‘வெலுகு’ திட்டம் எழுந்தது. அத்தெலுங்குச் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். குழுக்கள் ஊர்க் கூட்டமைப்பாகவும், ஊர்க் கூட்டமைப்புகள் மண்டல சமாக்யாவாகவும் அடுக்கடுக்காக இணைந்தன. 2004-ஐ ஒட்டி இக்கூட்டமைப்புகள் வழியாகப் பூச்சிமருந்தில்லா வேளாண்மையும் பரவத் தொடங்கியது. மருந்துக்கு வாங்கிய கடன் குறைந்தால் குடும்பமும் பிழைக்கும், மண்ணும் பிழைக்கும் என்பதை உழவர் கண்டனர்.

ஆயினும் இவ்வரலாற்றில் இருளும் உண்டு. பெண்கள் கடனைத் தவறாமல் செலுத்துவர் என்ற நற்பெயரே அவர்களுக்கு வலையாகவும் அமைந்தது. இலாபம் நாடிய தனியார் சிறுகடன் நிறுவனங்கள் ஒரே வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடனைச் சுமத்தின. வசூல் நெருக்குதலும் தற்கொலைச் செய்திகளும் பெருகவே, 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கடன் மட்டுமே வளர்ச்சி ஆகாது. அதனுடன் வேலையும் விளைபொருளுக்கு விலையும் வரவேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

அயல்நாட்டு உதவியை எப்படி அளப்பது? எத்தனை கோடி வந்தது என்பதை விட, அது நின்ற பிறகு எது எஞ்சியது என்று பார்ப்பதே முறை. பன்னாட்டு நிதியத்தின் திட்டம் 1998-இல் நிறைவுற்றது. அதற்கு முன்னரே தமிழக அரசு தன் சொந்த நிதியில் ‘மகளிர் திட்டம்’ என அதைத் தொடர்ந்துவிட்டது. ஆந்திரச் சிற்றூர்ப் பெண்கள் பீகாருக்குச் சென்று அங்குள்ள பெண்களுக்குக் குழு அமைக்கக் கற்பித்தனர். 2011-இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமும் இவ்வனுபவங்களையே அடித்தளமாகக் கொண்டது. 1992-இல் 500 குழுக்களை வங்கியுடன் இணைக்கும் சோதனையை நபார்டு வங்கி தொடங்கியது. 2023 மார்ச்சில் வங்கிச் சேமிப்புக் கணக்குள்ள குழுக்கள் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம்.

உதவி என்பது நாற்றங்கால் போன்றது. நாற்றைப் பிடுங்கித் தம் வயலில் நட்டுக்கொண்டவர்களே அறுவடை கண்டனர். எனினும் பாலமூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் புறப்படுவோர் இன்னும் இருக்கிறார்கள். வெளியூர் செல்வது குற்றமன்று. வேறு வழியின்றிச் செல்வதே துன்பம். ஊரில் இருப்பதா, புறப்படுவதா என்று ஒரு குடும்பம் தானே தேர்ந்துகொள்ளும் நிலை வந்தால் அதுவே இத்திட்டங்களின் வெற்றி. அந்தத் தேர்வு இல்லாமல் வந்தவர்களின் மனத்தை, பிறமாநிலங்களில் வாழும் நாம் நன்கு அறிவோம்.